மறதி இல்லை, வேறொன்று: பிரஷர் மாத்திரையும் ‘என்னால முடியும்’ என்கிற நம்பிக்கையும்

என் பெரியம்மா காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, கொருக்குப்பேட்டையில் ஒரு மார்க்கெட் ஓரமாக உட்கார்ந்து விற்கிறவர். மூன்று வருஷத்துக்கு முன்னால், வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கும் தன்னார்வலர் பெண் ஒருவர் அவர் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தபோது 170-க்கு 100 இருந்தது. தலைசுற்றல் கிடையாது, படபடப்பு கிடையாது, அன்றைக்குக் காலையில்கூட நிறைகூடையைத் தலையில் வைத்து நடந்து வந்தவர். டாக்டர் இரண்டு மாத்திரை எழுதினார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் கிட்டத்தட்ட அதே அளவு. "மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள், இவரும் "போடறேம்மா" என்று சொல்லியிருக்கிறார், அதை நம்பி இன்னொரு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யப் போனபோது ஃப்ரிட்ஜ் மேலே இருந்த பிஸ்கெட் டப்பாவில் பிரிக்காத அட்டைகள் பதினொன்று இருந்தன.

நான் கத்தினேன். மறந்துட்டீங்களா, போனில் அலாரம் வைத்துத் தரட்டுமா என்றெல்லாம் கேட்டேன். அவர் அட்டைகளை ஒவ்வொன்றாக டப்பாவில் திரும்ப அடுக்கிக்கொண்டே சொன்னார்: "மறந்தாதானே கண்ணு அலாரம். எனக்கு ஞாபகம் இருந்துனேதான் இருக்கு. என்னால முடியல."

இந்தக் கட்டுரை அந்த ‘என்னால முடியல’ பற்றியது. மாத்திரை தவறுகிறது என்றதும் நாம் எல்லாரும் ஓடிப் பிடிப்பது மறதியைத்தான். மறதியும் ஒரு காரணம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஞாபகம் இருந்தும் போடாமல் விடுகிறவர்கள் நிறையப் பேர், அவர்களுக்குள் என்ன நடக்கிறது என்று உளவியலில் ரொம்ப நாளாகவே யோசித்திருக்கிறார்கள்.

1977-ல் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். தமிழில் அதைச் சுயதிறன் நம்பிக்கை என்று சொல்லலாம். ஒரு குறிப்பிட்ட காரியத்தை, அதற்குத் தடையாக வரும் சூழ்நிலையிலும், என்னால் செய்து முடிக்க முடியும் என்று ஒருவர் மனதுக்குள் வைத்திருக்கும் நம்பிக்கை, அவ்வளவுதான். இதில் ‘குறிப்பிட்ட’ என்ற சொல்தான் முக்கியம். நாம் பொதுவாகச் சொல்லும் தன்னம்பிக்கை வேறு. என் பெரியம்மாவுக்குத் தன்னம்பிக்கை குறைவு என்று யாராவது சொன்னால் ஏலத்தில் நின்று விலை பேசுகிறவர்கள் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். புருஷன் போன பிறகு இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்து, வட்டிக்கு வாங்கி, அடைத்து, வீட்டை மீட்டவர் அவர். அதே மனுஷிக்கு ‘தினமும் இந்த மாத்திரையை என்னால் போட முடியும்’ என்ற ஒரு விஷயத்தில் மட்டும் நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம், அதில் எந்த முரணும் கிடையாது. சைக்கிள் நன்றாக ஓட்டுகிறவருக்கு நீச்சலில் பயம் இருப்பதைப் போல.

இன்னொரு நம்பிக்கையையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. "கடல் காத்துல வளந்த ஒடம்பு, எனக்கெல்லாம் ஒண்ணும் ஆவாது" என்று ராயபுரம் பக்கம் எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கேட்கத் தைரியமாக இருக்கும், ஆனால் அது நோயைப் பற்றிய தவறான கணிப்பு மட்டும்தான். நான் சொல்லும் நம்பிக்கையில் ‘ஆகலாம், அதனால் நான் இதைச் செய்கிறேன், என்னால் செய்ய முடியும்’ என்ற மூன்றும் சேர்ந்தே இருக்கும்.

பண்டூரா இன்னொரு வித்தியாசத்தையும் காட்டினார், எனக்கு எல்லாவற்றையும் விட அதுதான் உதவியது. ‘இதைச் செய்தால் பலன் கிடைக்கும்’ என்று நம்புவது ஒன்று, ‘இதை என்னால் செய்ய முடியும்’ என்று நம்புவது இன்னொன்று. முதலாவது மாத்திரையைப் பற்றியது, இரண்டாவது என்னைப் பற்றியது. ஆஸ்பத்திரிகளில், டி.வி.யில், நம் வீடுகளில் சொல்லப்படும் அறிவுரை அத்தனையும் முதலாவதைப் பற்றியே இருக்கிறது: பிரஷரைக் கவனிக்காவிட்டால் பக்கவாதம் வரும், கிட்னி போகும், ஹார்ட் அட்டாக் வரும் என்று. எல்லாம் உண்மை. ஆனால் பெரியம்மாவுக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை, பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு பக்கம் விளங்காமல் கட்டிலில் கிடந்ததைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் நான்கு வருஷம் மீன் கொண்டுபோய்க் கொடுத்தார். அவரிடம் போய் இன்னும் பயமுறுத்தினால் பயம்தான் கூடும், மாத்திரை டப்பாவிலேயே கிடக்கும்.

சரி, மற்ற நோய்களை விட பிரஷரில் இது ஏன் இவ்வளவு கஷ்டம்? காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போட்டால் கொஞ்ச நேரத்தில் உடம்பே பதில் சொல்லிவிடும். பிரஷர் மாத்திரை அப்படி எதையும் சொல்லாது. போட்ட அன்றைக்கு உடம்பு லேசாகாது, விட்ட அன்றைக்கு வலிக்காது. அம்லோடிபின் போன்ற மாத்திரையில் பாதி அளவு உடம்பை விட்டுப் போகவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும் என்பதால், ஒரு நாள் விட்டாலும் அடுத்த நாள் எதுவும் தெரியாது. ‘போடாம விட்டேன், ஒண்ணும் ஆகலையே’ என்று அப்போது மனசு ஒரு பாடம் படித்துக்கொள்கிறது. நாலு நாள் விட்டாலும் ஒன்றும் தெரிவதில்லை, பாடம் இன்னும் உறுதியாகிறது. உள்ளே ரத்தக்குழாய் மட்டும் அடி வாங்கிக்கொண்டே இருக்கிறது.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. நீண்ட நாள் நோய்களுக்கு மருந்து எழுதப்பட்டவர்களில் சுமார் பாதிப் பேர்தான் சொன்னபடி சாப்பிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-லேயே எழுதியது, அதுவும் வசதியான நாடுகளின் கணக்கு. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் அது கட்டுக்குள் இருக்கிறது என்பது அதே நிறுவனத்தின் 2023 அறிக்கை. நமக்கு மட்டும் ஏதோ ஒழுக்கம் குறைவு என்று நினைத்து வெட்கப்பட வேண்டாம் என்பதற்காகத்தான் இந்த எண்களைச் சொல்கிறேன்.

2003-ல் அமெரிக்காவில் ஒரு மருத்துவ ஆய்வுக் குழு, பிரஷர் உள்ள கறுப்பின நோயாளிகளிடம் உட்கார்ந்து பேசி, அவர்கள் சொன்னதை வைத்தே ஒரு கேள்வித்தாள் தயாரித்தது. ‘மாத்திரை போடுகிறீர்களா?’ என்று அதில் கேட்பதில்லை. வீட்டில் வேலை தலைக்கு மேல் இருக்கும்போது போட முடியும் என்று உங்களுக்கு எவ்வளவு நிச்சயம்? வெளியூர் போகும்போது? வெளியிடத்தில் நாலு பேர் முன்னால்? உடம்பு நன்றாக இருக்கிறது என்று தோன்றும்போது? ஆயுசு முழுக்க இதற்கு அடிமையாகிவிடுவோமோ என்று பயம் வரும்போது? அடிக்கடி சிறுநீர் வரவைக்கிறதே என்று சங்கடப்படும்போது? இப்படி ஒவ்வொரு சூழ்நிலையாகக் கேட்கிறது. இதில் நிச்சயம் அதிகமாக இருப்பவர்கள் மாத்திரையை ஒழுங்காக எடுப்பதும் அதிகம் என்று பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று வளர்க்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: நம்பிக்கை இருப்பதால் போடுகிறோம், போடப் போட நம்பிக்கை வளர்கிறது.

அடிமையாவது பற்றி ஒரு வார்த்தை. பிரஷர் மாத்திரை போதைப் பழக்கம் மாதிரி யாரையும் அடிமையாக்காது. ஆயுசுக்கும் போடச் சொல்வது பிரஷர் ஆயுசுக்கும் இருப்பதால்தான், கண்ணாடி போடுகிறவர் தினமும் போடுவது மாதிரி.

அந்தக் கேள்விகளைப் படித்த பிறகுதான் நான் பெரியம்மாவிடம் வேறு மாதிரி கேட்டேன். எந்த நாளில் கஷ்டம், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று. முதல் தடவையாக விஷயம் வெளியே வந்தது. அவர் ராத்திரி இரண்டரை மணிக்கு எழுந்து காசிமேடு போகிறவர். ‘காலையில் டிபனுக்குப் பிறகு’ என்று சீட்டில் இருக்கிறது, அவருடைய டிபன் பதினோரு மணிக்கு, மார்க்கெட்டில், மீன் செதில் ஒட்டிய கையோடு. மாத்திரையோ வீட்டில் ஃப்ரிட்ஜ் மேலே. சரி, கிளம்பும்போதே போட்டுவிட்டால்? அங்கேதான் உண்மையான சிக்கல். கொடுத்த மாத்திரைகளில் ஒன்று உப்பையும் நீரையும் வெளியேற்றும் வகை, நீர் மாத்திரை என்று சொல்வோமே அது. "அத போட்டா ஒண்ணுக்கு வந்துனே இருக்குது. அங்க நான் எங்கம்மா போவேன்? கூடைய யார்கிட்ட விட்டுட்டுப் போவேன்?" நீர் மாத்திரை எது என்று அவருக்குத் தெரியாததால் எல்லாவற்றையும் சேர்த்தே நிறுத்திவிட்டார். டாக்டரிடம் இதைச் சொல்ல வெட்கம். மார்க்கெட்டில் பெண்கள் போக ஒழுங்கான ஒரு கழிப்பறை இல்லாததுதான் ஒரு மனுஷியின் பிரஷரை ஏற்றி வைத்திருந்தது, நாங்கள் அலாரம் வைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை.

இப்போது, இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதற்கு வருகிறேன். பிறவிக் குணம் இல்லை, வளர்க்கக்கூடியது என்பதுதான் பண்டூரா சொன்னதிலேயே நல்ல செய்தி. அது வளர நாலு வழி சொன்னார்.

முதலாவதும் ரொம்ப வலுவானதும், நாமே செய்து பார்த்து அது நடந்துவிட்ட அனுபவம். பாம்புக்குப் பயந்தவர்களை வைத்து பண்டூரா செய்த ஆய்வுகள் பேர் பெற்றவை. பாம்பு ஒன்றும் செய்யாது என்று உபதேசம் செய்வதற்குப் பதிலாக, தள்ளி நின்று பார்க்க வைத்து, அப்புறம் கையுறையோடு தொட வைத்து, அப்புறம் வெறும் கையால் என்று ஒவ்வொரு படியாகக் கூட்டிப் போனார். ஒவ்வொரு படியும் ‘அட, முடிந்துவிட்டதே’ என்று மனசுக்கு ஓர் ஆதாரம். மாத்திரைக்கும் இதேதான். ‘இனிமேல் ஆயுசு முழுக்கத் தவறாமல்’ என்பது முதல் நாளே பாம்பைக் கையில் கொடுப்பது மாதிரி. பெரியம்மாவோடு நானும் கிளினிக் போனேன், நேரத்தை மாற்ற முடியுமா என்று கேட்டோம். முடியும் என்றார் டாக்டர். பிரிட்டனில் 21,000 பேருக்கும் மேல் சேர்த்து நடத்தி 2022-ல் வெளியான ஓர் ஆய்வில், பிரஷர் மாத்திரையைக் காலையில் போட்டாலும் ராத்திரி போட்டாலும் ஹார்ட் அட்டாக், பக்கவாதம் வருவதில் வித்தியாசம் தெரியவில்லை. நமக்குத் தவறாமல் நடக்கிற நேரம் எதுவோ அதுவே நல்ல நேரம், உங்கள் மாத்திரைக்கு அது பொருந்துமா என்று மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெரியம்மாவுக்கு மத்தியானம் இரண்டு மணி. வியாபாரம் முடிந்து வந்து, கவிச்சி போகக் குளித்து, சாப்பாட்டுத் தட்டோடு உட்காரும் நேரம். அட்டை இப்போது ஃப்ரிட்ஜ் மேலே இல்லை, தட்டு கவிழ்த்து வைக்கும் இடத்தில் இருக்கிறது. தட்டை எடுத்தால் கையில் அட்டை படும். முதலில் ஒரு வாரம் மட்டும் பார்ப்போம் என்றுதான் சொன்னோம்.

பிரஷர் மாத்திரை தன் பலனைக் காட்டாது என்றேன் இல்லையா, அதனால் பலனை நாமே கண்ணுக்குத் தெரியவைக்க வேண்டியிருக்கிறது. காலண்டரில் மாத்திரை போட்ட நாளைப் பேனாவால் சுழிப்பது ஒரு வழி. இன்னொரு வழி அளவைப் பார்த்து எழுதி வைப்பது, ஒழுங்காகப் பார்த்தால்தான் அதற்கு அர்த்தம்: ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சு உயரத்தில் மேஜை மேல் வைத்து, அரை மணி நேரத்துக்கு முன்னால் டீயோ பீடியோ இல்லாமல், சிறுநீரை அடக்கிக்கொண்டிராமல். ஒரே ஒரு தடவை வந்த அளவை வைத்து சந்தோஷப்படவும் வேண்டாம், பதறவும் வேண்டாம். பெரியம்மாவுக்கு ஏழு வாரத்தில் 142-க்கு 88 வந்தது. அவர் அந்தச் சீட்டை ஏலத்துக்குப் போகும் சுருக்குப்பையில் மடித்து வைத்திருந்தார். நான் எத்தனை தடவை சொல்லியிருந்தாலும் அந்தச் சீட்டு செய்ததைச் செய்திருக்க முடியாது.

இரண்டாவது, நம்மை மாதிரியே இருக்கிற ஒருவர் செய்வதைப் பார்ப்பது. ‘நம்மை மாதிரி’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். டாக்டரோ, சினிமா நடிகரோ தினமும் மாத்திரை போடுகிறார் என்று தெரிந்து மீன்கார அம்மாவுக்கு என்ன ஆகப்போகிறது? பக்கத்தில் நண்டு விற்கும் அக்கா ஒருவர் எட்டு வருஷமாகப் பிரஷருக்கு மாத்திரை போடுகிறவர் என்பது இந்தப் பேச்சு எடுத்த பிறகுதான் தெரிந்தது. இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தும் இருவரும் இதைப் பற்றிப் பேசியதில்லை. அவர் ஓர் அட்டையை எப்போதும் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு இடுப்பில் வைத்திருப்பார், ஈரம் படாது. பெரியம்மாவும் அப்படியே ஒரு டப்பா வாங்கிக்கொண்டார். கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரி வரிசையில், ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கும்போது, பக்கத்தில் இருப்பவரிடம் ‘நீங்க எப்ப போடறீங்க, எங்க வெச்சுப்பீங்க’ என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஐந்து நிமிஷப் பேச்சு வீண்போகாது.

மூன்றாவது, பிறர் சொல்லும் வார்த்தை. இதில்தான் குடும்பத்தினர் தப்பு செய்கிறோம், நானும் செய்தேன். ‘போட்டியா? போட்டியா? உனக்கு அக்கறையே இல்ல’ என்று கேட்கக் கேட்க, கேட்கப்படுகிறவருக்கு ‘நான் இதில் தோற்கிறவள்’ என்ற எண்ணம் ஆழமாகிறது, அப்புறம் பொய் சொல்வது ஒன்றுதான் வழி என்று ஆகிவிடுகிறது. பொய் சொன்னால் டாக்டர் மாத்திரையைக் கூட்டுகிறார், கூட்டியதை ஒருநாள் பயந்து மொத்தமாக விழுங்கினால் பிரஷர் சட்டென்று இறங்கித் தலைசுற்றி விழும் ஆபத்தும் இருக்கிறது. ‘போன வாரம் ஆறு நாள் போட்டிருக்கே, அந்த ஒரு நாள் என்ன ஆச்சு?’ என்று கேட்பது வேறு ரகம். அதில் நடந்தது முதலில் வருகிறது, நடக்காததற்குக் காரணம் தேடுவது அப்புறம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் பெண் தன்னார்வலர்களின் பேச்சுக்கு மதிப்பு இருப்பதற்கு, அவர்கள் மாத்திரை கொண்டுவருவது மட்டும் காரணம் இல்லை என்று நினைக்கிறேன். அவர்களும் அதே பகுதிக்காரர்கள், வாசலில் நின்று பேச அவர்களுக்குத் தெரியும்.

நாலாவது, உடம்பு தரும் சேதியை நாம் எப்படி அர்த்தம் செய்துகொள்கிறோம் என்பது. மாத்திரை ஆரம்பித்த புதிதில் சட்டென்று எழுந்தால் லேசாகக் கிறுகிறுக்கலாம். அம்லோடிபினில் சிலருக்குக் கணுக்கால் வீங்கும், எனாலபிரிலில் சிலருக்கு வறட்டு இருமல் வரும். ‘எனக்கு மாத்திரையே ஒத்துக்காது’ என்று முடிவு கட்டினால் நம்பிக்கை அங்கேயே போய்விடும். ‘இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வேறு இருக்கிறது’ என்று தெரிந்திருந்தால் டாக்டரிடம் போய் மாற்றித் தரக் கேட்கத் தோன்றும். வேறு வகைகள் நிறையவே இருக்கின்றன. நீங்களாக நிறுத்த மட்டும் வேண்டாம், அட்டெனலால், குளோனிடின் மாதிரி சிலவற்றைத் திடீரென்று நிறுத்தினால் பிரஷர் எகிறும். கர்ப்பமாக இருப்பவர்களோ, கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்களோ அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், டெல்மிசார்டன், எனாலபிரில் போன்றவை அப்போது கூடாது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம்பிக்கை மட்டும் இருந்தால் போதும் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கடையில் வாங்கப் பணம் இல்லை, போன அன்றைக்கு மாத்திரை இருப்பு இல்லை, அரை நாள் கூலியை விட்டு வரிசையில் நிற்க வேண்டும் என்கிற நிலையில் இருப்பவரிடம் ‘உனக்கு நம்பிக்கை வேண்டும்’ என்பது அநியாயம். கழிப்பறை கட்ட வேண்டிய இடத்தில் கழிப்பறைதான் கட்ட வேண்டும்.

அப்புறம், ஒரு தடவை வந்த நம்பிக்கை அப்படியே நின்றுவிடாது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். அந்த முதல் வருஷம் தடைக்காலத்தில் பெரியம்மாவுக்கு மறுபடியும் நிறைய நாள் விட்டுப்போனது. விசைப்படகு கடலுக்குப் போகாததால் அவருக்கு வியாபாரமும் இல்லை, இரண்டு மணிக் குளியலும் இல்லை, சாப்பாடு கண்ட நேரத்தில். கையில் காசும் இல்லாததால் கருவாட்டுக் குழம்பே கதி, அதில் உப்பு எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. மாத்திரையைக் கட்டி வைத்திருந்த கொம்பையே பிடுங்கிவிட்ட மாதிரி ஆனது. அடுத்த வருஷம் தடைக்காலத்துக்கு முந்தைய வாரமே வேறு ஒரு கொம்பு தேடினோம், பேத்தி பள்ளிக்கூடம் கிளம்பும் நேரம் என்று முதலில் நினைத்து, மே மாதம் பள்ளி லீவு என்று ஞாபகம் வந்து, கடைசியில் வாசலில் தண்ணீர் பிடித்து முடித்த கையோடு என்று வைத்தோம். வீட்டிலேயே இருப்பதால் நீர் மாத்திரையும் அப்போது தொந்தரவு இல்லை.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ பார்க்க வேண்டுமென்றால் ஒரே ஒரு கேள்வி போதும். அடுத்த ஏழு நாளும் மாத்திரை போட்டுவிடுவேன் என்று பத்துக்கு எத்தனை நிச்சயம்? ஆறு என்று பதில் வந்தால், ‘ஏன் பத்து இல்லை’ என்று பிடிக்காதீர்கள். ‘ஏன் மூன்று இல்லை, ஆறு?’ என்று கேளுங்கள். கைவசம் என்ன இருக்கிறதோ அது வெளியே வரும். அப்புறம் ‘ஏழாக என்ன வேண்டும்?’ என்று கேட்டால் ஒரு சின்னக் காரியம் கிடைக்கும், அது பெரும்பாலும் டப்பா, நேரம், இடம், டாக்டரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி என்ற அளவில்தான் இருக்கும். ஒருநாள் விட்டுப்போனால், ஞாபகம் வந்ததும் போடலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடலாம், இரண்டு நாளுடையதைச் சேர்த்துப் போடக் கூடாது.

போன மாதம் பெரியம்மாவிடம் இதே கேள்வியைக் கேட்டேன். எட்டு என்றார். மீதி இரண்டு எங்கே என்று நான் கேட்கவே இல்லை, அவராகவே சொன்னார்: "சாவு வீட்ல கண்ணு. நாலு பேரு அழுதுனு இருக்கும்போது தண்ணி குடுங்க, மாத்திர போடணும்னு எப்படிக் கேக்கறது?" அதற்கு எங்கள் இருவருக்கும் இன்னும் வழி தெரியவில்லை. நண்டு விற்கும் அக்காவிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.